மேளம் அடிக்க வேண்டும், சத்தம் வரக்கூடாது

அயிமான் நகரசபை எதையும் யோசிக்காமல் செய்தது என்று யாரும் பழி சொல்ல முடியாது. யோசித்துத்தான் செய்யும். கூட்டம் போட்டு, இறைச்சி பப்ஸ் வரவழைத்து, மின்விசிறியைத் தங்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு யோசிக்கும். யோசிக்காமல் செய்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

வருடாந்திரக் கலைப் பெருவிழாவுக்கு நாள் குறித்ததும் அப்படித்தான். 'முழங்கும் நகரம், முழங்கும் மக்கள்' என்று அந்த வருடத்துக்குத் தலைப்பு வைத்தார்கள். பண்பாட்டு மேம்பாட்டு இயக்குநர் கொர்னீலியஸ் பானர்மன் அவர்கள் தாமே முன்னின்று விசாரித்ததில் ஓர் அதிசயம் வெளிவந்தது. வருடத்தில் ஒரு மாதம் நகரத்து மேளக் குழுக்கள் எல்லாம் சும்மா இருக்கின்றன. பாண்டு வாத்தியக்காரர்கள் சும்மா இருக்கிறார்கள். ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டுகிறான். மண்டபம் காலி, கடற்கரை மேடை காலி.

"இத்தனை வருஷமா இந்த மாசத்தை வீணடிச்சிருக்கோமே!" என்று இயக்குநர் மேசையைத் தட்டினார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அந்த மாதத்தில் மட்டும் ஏன் எல்லாரும் சும்மா இருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேள்வி கேட்பது நிகழ்ச்சி நிரலில் இல்லை.

கடற்கரைப் பேட்டையில் எந்த மீன்காரியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். கடல் பூசாரி மக்காச்சோளம் விதைத்துவிட்டால் ஊர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பயிர் தலைதூக்கி, பூசாரி மறுபடி முதல் மேளத்தைத் தட்டும்வரை மேளம் கிடையாது, எக்காளம் கிடையாது, கோயிலில் கைதட்டல்கூடக் கிடையாது. அதற்கப்புறம்தான் ஹோமோவோ, பசியைப் பார்த்து ஊரே கூவிக் கூவிக் கேலி செய்யும் பெருநாள்.

பானர்மனும் இந்த ஊரில் பிறந்தவர்தான். இல்லையென்று சொன்னால் பாவம். ஆனால் வீடு பணக்காரர்கள் வாழும் குன்றின் மேல். அந்த மாதம் வந்தால் "ஊரே செத்துக் கெடக்கு" என்று சொல்லிவிட்டு வருடாவருடம் வெளிநாட்டுப் பயிற்சி முகாமுக்குக் கிளம்பிவிடுவார். உள்ளூர்ப் பண்பாடு பற்றிய பயிற்சி.

இப்போது நோர்ட்டேயைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேட்டையின் மேளக் குழுத் தலைவன் அவன். குழுவுக்கு ஒரு முற்றம் உண்டு. நடுவில் ஒரு வேப்பமரம், சுற்றிலும் சுவரில்லாத வெட்டவெளி. சாயங்காலமானால் மேளம் அங்கேதான், சீட்டாட்டம் அங்கேதான், சண்டையும் சமாதானமும் அங்கேதான். முற்றத்து ஓரத்தில் அவன் அக்கா ஒகைலே, புளித்த மக்காச்சோள மாவை உருட்டி வேகவைத்த கென்கே விற்கிறாள். அவள் "சூடான கென்கே!" என்று ஒரு குரல் கொடுத்தால் கடலில் வலை இழுப்பவனுக்கு நாக்கில் எச்சில் ஊறும்.

அந்த முற்றத்து மரத்தில் ஒருநாள் நகரசபை ஓர் அறிவிப்பை ஒட்டியது. விழாவில் உள்ளூர்ச் சமுதாயத்தைக் கண்டுகளிக்க விருந்தினர்கள் காரில் வருவார்கள். காரை நிறுத்தினால்தான் இறங்க முடியும், இறங்கினால்தான் சமுதாயத்தைக் காண முடியும். கார் நிறுத்தத் தோதான இடம் சமுதாயம் உட்கார்ந்திருக்கும் இடம் ஒன்றுதான். ஆகவே சமுதாயம் எழுந்து வேறெங்காவது போக வேண்டியது. விழாவில் மேளம் அடித்து, 'உயிர்ப்புள்ள கலைத்தளம்' என்று நடுவர்களிடம் பெயர் வாங்கும் முற்றங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

நோர்ட்டே அறிவிப்பைக் கடைசிவரை படித்தான். சட்டையை மாற்றிக்கொண்டு நேரே இயக்குநர் அலுவலகத்துக்குப் போனான்.

"வாங்க, வாங்க!" என்றார் பானர்மன். "உங்க குழு அந்த மாசம் ஃப்ரீயா இருக்குன்னு கேள்விப்பட்டேன். எவ்வளவு அதிர்ஷ்டம் பாருங்க."

"சார், அந்த மாசம் மேளம் அடிக்கக் கூடாது சார்."

"யாரு சொன்னது?"

"பூசாரி."

"அவரு எந்தத் துறை?"

"கடல் சார்."

"மீன்வளத் துறையா?"

"இல்ல சார். கடலேதான்."

பானர்மன் பேனாவை மூடி வைத்தார். "இந்தத் தடை எழுத்துல இருக்கா?"

"எழுதற வழக்கமே இல்ல சார். மேளத்தை அடிச்சா பூசாரி ஆளுங்க வந்து மேளத்தைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. ஆடு கேப்பாங்க, ஜின் பாட்டில் கேப்பாங்க. பேட்டையில எவனும் எங்க மூஞ்சியில முழிக்க மாட்டான்."

"எழுத்துல இல்லன்னா தடை இல்ல."

"சரி சார், இதை நீங்களே வந்து கடல்கிட்ட சொல்லிடுங்க."

இயக்குநர் கொஞ்சம் யோசித்தார். அவருடைய தாயாரும் இந்தக் கடற்கரைக்காரிதான். கடலோடு நேரடியாகக் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ள அவருக்கும் துணிச்சல் வரவில்லை.

"தேதியைத் தள்ளி வைங்களேன் சார்."

"தேதியை மாத்தணும்னா தேதிக் குழு கூடணும். தேதிக் குழு விழா முடிஞ்சப்புறம்தான் கூடும். தேதி சரியா இருந்துச்சான்னு பாக்குறதுதானே அவங்க வேலை?"

"அப்ப நாங்க விழாவுக்கு வரல."

"தாராளமா. நாங்க காரை நிறுத்திக்கிறோம்."

நோர்ட்டே எழுந்திருக்கவில்லை. எழுந்தால் முற்றம் போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். இவன் எழுந்திருக்காவிட்டால் மதியச் சாப்பாடு போய்விடும் என்று இயக்குநருக்கும் தெரியும். கடைசியில் அவர் ஒரு தாளை எடுத்து, அரசாங்கம் தோன்றிய நாளிலிருந்து அரசாங்கம் செய்துவரும் காரியத்தைச் செய்தார். இரண்டு பக்கத்துக்கும் சம்மதமாக ஒரு குறிப்பு எழுதினார். 'மேளம் அடிக்க வேண்டும். சத்தம் வரக்கூடாது. பண்பாட்டுத் துறைக்கும் ஆட்சேபம் இல்லை, கடலுக்கும் ஆட்சேபம் இல்லை.'

"இது எப்படி சார் முடியும்?"

"அது செயல்படுத்துறவங்க பொறுப்பு," என்று சொல்லிவிட்டு இயக்குநர் சாப்பிடப் போனார்.

நோர்ட்டே பூசாரியிடம் ஓடினான். வெள்ளை உடுத்தி, வெறுங்காலோடு வாசலில் உட்கார்ந்திருந்த பூசாரி முழுவதையும் கேட்டுவிட்டுத் தாடையைச் சொறிந்தார்.

"நீ காத்துல கை வீசினா எனக்கென்ன? கொசு விரட்டறேன்னு நெனைச்சுக்கறேன். ஆனா ஒரே ஒரு 'டும்' கேட்டுச்சு, அவ்வளவுதான். ஆடு, ஜின், மேளம், எல்லாம் என் வீட்டுக்கு வந்துடும். கடல் தூங்குது. நீ எழுப்பினா நீதான் தாலாட்டணும்."

அன்று சாயங்காலமே ஒத்திகை தொடங்கியது. கை தோலுக்கு ஒரு விரல்கடை மேலேயே நின்றுவிட வேண்டும். கேட்க சுலபம்தான். பிறந்ததிலிருந்து அடித்தே பழகிய கைகள் அவை. நன்றாகத் தாளம் தெரிந்தவன் எவனோ அவன் கைதான் முதலில் விழுந்தது. மெல்லிய 'தொம்' ஒன்று எழும். அத்தனை பேரும் அப்படியே உறைந்துபோய்க் கடல் பக்கம் பார்ப்பார்கள்.

"ஏன்டா, கல்யாணப் பொண்ணு கன்னத்தைத் தடவற மாதிரி தடவறீங்களே!" என்று ஒகைலே ஓரத்திலிருந்து குரல் கொடுத்தாள். "இதுக்கு என் கென்கே மாவையாவது வந்து பிசைஞ்சு குடுக்கலாம்ல?"

"அக்கா, மெல்லப் பேசு. தடை இருக்கு."

"மேளத்துக்குத்தான்டா தடை, என் வாய்க்கா?"

ஒரே ஒருவன் மட்டும் தவறே செய்யவில்லை. அவன் பெயர் சோவா. நோர்ட்டேயின் மச்சான் என்பதால் குழுவில் இருந்தான். தாளம் என்பது அவன் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அதனால் அவனை மணி தட்ட விட்டு, அந்த மணிக்குள் துணியையும் அடைத்து வைத்திருந்தார்கள். இப்போது ஒரு மேளத்தைக் கொடுத்துப் பார்த்தால் அவன் கை ஒருமுறைகூடத் தோலில் படவில்லை. கண்ணை மூடுகிறான், தலையைச் சுழற்றுகிறான், தோளைக் குலுக்குகிறான், பெருமழை கொட்டுவதுபோல் விரல்களைப் பொழிகிறான். பார்த்தவர்களுக்குப் புல்லரித்தது. அவனைப் பெரிய மேளத்தில் உட்கார வைப்பதைத் தவிர நோர்ட்டேக்கு வேறு வழி தெரியவில்லை.

"மச்சான், இதுக்குத்தான் நான் பொறந்திருக்கேன்," என்றான் சோவா.

"எனக்கும் அப்படித்தான்டா தோணுது," என்றான் நோர்ட்டே. அழலாமா சிரிக்கலாமா என்றிருந்தது அவனுக்கு.

விழா நாளும் வந்தது. கடற்கரை நெடுகக் கொடிகள், குடைகள், குன்றுக்காரர்களின் கறுப்புக் கண்ணாடிகள். முதலில் கலாசார அமைச்சர் பேச வந்தார். ஒலிபெருக்கி இருந்தது, ஆனால் இணைப்பு கொடுக்கவில்லை. பூசாரியின் ஆட்கள் பக்கத்திலேயே நின்றார்கள். அமைச்சர் வாயை மட்டும் அசைத்து, விரலை நீட்டி, நெஞ்சைத் தொட்டு, வானத்தைக் காட்டி முழு உரையையும் ஆற்றி முடித்தார். அடேயப்பா, பேட்டை ஜனங்கள் சொக்கிப்போனார்கள். அமைச்சர் பேச்சைக் கடைசிவரை ஒருவரும் எழுந்து போகாமல் பார்த்தது அயிமான் வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை. இன்னொருமுறை பேசச் சொல்லிக்கூடச் சைகை காட்டினார்கள். கைதட்ட முடியாதே என்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார்கள். இந்த ஆட்டம்தான் பிற்பாடு ஊரையே பிடித்தது, பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பாண்டு வாத்தியக் குழு, கன்னம் புடைக்க, மூச்சு விடாமல் அணிவகுத்துப் போனது. ஓர் எக்காளக்காரன் மூச்சை மறந்து மயங்கி விழுந்தான். விமரிசகர்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

கடைசியாக நோர்ட்டேயின் குழு. கூட்டம் வாயைப் பிளந்து பார்த்தது. நோர்ட்டேயின் கைகள் இறங்கின, நின்றன, இறங்கின, நின்றன. உள்ளுக்குள் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. உச்சக்கட்டம் வந்தபோது ஒரே ஓர் அடி, ஒரே ஓர் அடி போட்டுவிட்டுச் செத்துப்போனாலும் பரவாயில்லை என்று தோன்றியது. அந்த நேரம் பார்த்து எதிரே கார்கள் வரிசையாக நிற்பது கண்ணில் பட்டது. கையை நிறுத்திக்கொண்டான்.

பக்கத்தில் சோவா சாமி வந்தவன்போல் ஆடிக்கொண்டிருந்தான். தலைநகரத்திலிருந்து வந்திருந்த தலைமை நடுவரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"என் வாழ்நாள்ல நான் கேட்டதுலயே இதுதான் மிகச் சிறந்த மேளம்," என்று கிசுகிசுத்தார்.

முடிவு அங்கேயே அறிவிக்கப்பட்டது, ஒரு பலகையில் எழுதி. பேட்டை முற்றம் உயிர்ப்புள்ள கலைத்தளம். கார்கள் அதில் காலெடுத்து வைக்கக் கூடாது. சோவாவுக்கு 'அமைதிச் சக்கரவர்த்தி' என்று பட்டம், கழுத்தில் ஒரு பட்டை. குழு மணலில் சத்தமில்லாமல் குதித்தது. ஒகைலே இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழுதாள். முற்றம் பிழைத்தது. அதைவிட அவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

அத்தோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விட்டார்களா?

குன்றின் மேல் ஓர் அமைதிக் கல்யாணம் நடந்தது. வந்தவர்கள் சத்தமில்லாமல் மென்றார்கள். அதற்கடுத்த சனிக்கிழமை ஒரு பெரிய மனிதரின் சாவில் ஒப்பாரிக்காரிகள் வாயை மட்டும் திறந்து திறந்து மூடினார்கள். கூலி மட்டும் அதே கூலி. இளவட்டங்கள் 'நான் அடிக்கவில்லை' என்று எழுதிய பனியனைப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். சோவா வகுப்பு ஆரம்பித்தான். தாளம் தெரிந்தவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை, அவர்களுக்குக் கெட்ட பழக்கம் ஒட்டியிருக்கிறதாம். "தோலைத் தொடுறவன் இன்னும் பக்குவப்படலன்னு அர்த்தம்," என்று அவன் சொன்னதை அமைச்சரே ஒரு கூட்டத்தில் வாயசைத்துக் காட்டினார்.

ஒருநாள் நகரசபை ஆள் ஒருவன் ஒகைலேயிடம் வந்தான். "இது பாரம்பரியப் பகுதி அக்கா. கத்தி விக்கக் கூடாது. சைகையில வில்லுங்க."

"கத்தாம வித்தா கென்கே புளிச்சுப் போயிடும்டா!"

"அது ஏற்கெனவே புளிச்சதுதானேக்கா?"

அவள் கையிலிருந்த மிளகாய் அரைப்புக் கிண்ணத்தைப் பார்த்ததும் அவன் ஓடிவிட்டான். ஆனால் மறுநாள் பார்த்தால் சைகையில் விற்ற எதிர்க்கடைக்காரியைச் சுற்றிக் குன்றுக்காரர்கள் படம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதற்கும் மறுநாள் ஒகைலேயும் ஒரு கையைக் காற்றில் உருட்டிக் காட்டி விற்றாள். வியாபாரம் வியாபாரம்தானே.

நோர்ட்டே மட்டும் இதிலெல்லாம் தலையிடவில்லை. பயிர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தான். தடை நீங்கும் நாளுக்காக அவன் உள்ளங்கை அரித்துக்கொண்டே இருந்தது.

அந்த நாள் வந்தது. பூசாரி கடலோரம் நின்று முதல் மேளத்தைத் தட்டினார். டும், டும், டும். வழக்கமாக மூன்றாவது தட்டு முடிவதற்குள் பேட்டைக்குப் பேட்டை மேளம் வெடிக்கும். நோர்ட்டே பெரிய மேளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்துக்கு ஓடினான்.

முற்றத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருந்தது. கதவில் பூட்டு. பூட்டுக்கு மேலே பலகை. 'அமைதி மேளப் பாரம்பரிய முற்றம். இங்கே மேளம் அடிப்பது தண்டனைக்குரிய குற்றம்.' பலகைக்குப் பக்கத்தில் தொப்பியும் விசிலுமாகச் சோவா.

"கதவைத் தொறடா."

"மச்சான், மேளத்தோட உள்ள விட முடியாது. நான் இப்ப பாரம்பரியக் காப்பாளர்."

"டேய், இது நம்ம முற்றம்டா!"

"அதனாலதான் பாதுகாக்கறோம்," என்றான் சோவா, மனசார, உண்மையான வருத்தத்தோடு. "கத்தாத மச்சான். விசில் ஊதினா எனக்கே தண்டம். அதுவும் சத்தம்தானே?"

நோர்ட்டே காதைத் தீட்டிக்கொண்டு மற்றப் பேட்டைகளின் மேளத்துக்காக நின்றான். மேலப்பேட்டையில் சத்தமில்லை, வலைப்பேட்டையில் சத்தமில்லை. அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. கார் நிறுத்துமிடம் ஆகாமல் தப்பிக்க ஒவ்வொரு பேட்டையும் முந்திக்கொண்டு தன் முற்றத்துக்கு அமைதிப் பாரம்பரியச் சான்று வாங்கிவிட்டது. ஊர் முழுக்க முற்றங்கள் பத்திரமாக இருந்தன. கடற்கரையில் பூசாரி மட்டும் மேளத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தார்.

"நான் எழுப்பிட்டேன். எங்க ஒருத்தரையும் காணோம்?" என்றார். "ஹோமோவோ அன்னிக்குப் பசியைப் பாத்து எப்படிடா கூவுவீங்க? சைகை காட்டினா அது சாப்பிடக் கூப்பிடறாங்கன்னு நெனைச்சு உள்ள வந்துடுமே!"

நோர்ட்டே திரும்ப அலுவலகத்துக்குப் போனான். பின்னாலேயே பேட்டையும் போய் வாசலில் நின்றது.

"சார், எங்க முற்றத்துல நாங்க மேளம் அடிக்கணும். சத்தம் வர்ற மாதிரி."

"தாராளமா அடிக்கலாமே!" என்றார் பானர்மன். அவர் முகத்தில் கள்ளம் கபடமே இல்லை. "நாங்க என்ன கலைக்கு எதிரியா? சத்த அனுமதி வாங்கிட்டா போதும். ஆனா இப்பக் கிடைக்காது. பெருநாள் வருது, எல்லாரும் கேக்கறாங்க, அது முடியற வரைக்கும் தர்றதில்லன்னு முடிவு பண்ணிட்டோம்."

"எப்பத்தான் கெடைக்கும் சார்?"

இயக்குநர் நாட்காட்டியைப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் முகம் மலர்ந்தது. "அடடா, உங்களுக்கு எப்பவும் அதிர்ஷ்டம்தான் போங்க! அடுத்த வருஷம் ஒரு மாசம் முழுக்கக் காலியா இருக்கு. அந்த மாசம் ஒருத்தர்கூடச் சத்த அனுமதி கேக்கறதே இல்ல. ஏன்னு தெரியல. போட்டுடவா?"

எந்த மாதம் என்று நோர்ட்டே கேட்கவில்லை. இயக்குநர் முத்திரையைத் தூக்கி ஓங்கிக் குத்தினார். டும் என்று ஒரு சத்தம் வந்தது. அந்த விழாக் காலம் முழுவதும் நகரசபைக் கட்டடத்தில் கேட்ட ஒரே மேளம் அதுதான்.

தாளோடு வெளியே வந்தான். கூட்டத்தின் முன்னால் ஒகைலே.

"கெடைச்சுதாடா?"

"கெடைச்சுதுக்கா."

அவ்வளவுதான். எந்த மாதம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் பேட்டையே பூரித்துப்போயிற்று. அப்பன்மார், தாய்மார், வலைக்காரர், மீன்காரி, அத்தனை பேரும் நெஞ்சு நிறைந்த சந்தோஷத்தில் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, விரல்களை விரித்து, ஆட்டு ஆட்டென்று ஆட்டினார்கள். ஒரு சத்தம் இல்லை. ஒகைலே எல்லாரையும்விட உயரமாக ஆட்டினாள்.

நோர்ட்டே தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். தோளில் தொங்கிய மேளத்தை இறக்கி வைத்தான். அப்புறம் அவனும் கையைத் தூக்கி ஆட்டினான்.